நகையின் அழுக்கும் உடம்பின் புண்ணும்



தீபாவளி, தைப்பூசம், கல்யாண மாதம் என்று வந்துவிட்டால் நம் லயங்களில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். பெட்டியில் இருக்கும் நகை வெளியே வரும். ஒரு வீட்டில் பற்பசை போட்டுத் தேய்ப்பார்கள். அடுத்த வீட்டில் சலவைத் தூள். இன்னொரு வீட்டில் கக்கூஸ் கழுவ வாங்கி வைத்த குளோராக்ஸில் ராத்திரி பூராவும் ஊறப்போட்டு விடுவார்கள். காலையில் எடுத்து, "பளபளன்னு ஆயிருச்சா?" என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அந்த நகை கிடந்த கழுத்தும் விரலும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பவர்கள் குறைவு.

உடல்நலப் பகுதியில் நகைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கழுத்தில் அரிப்பு, விரல் வீக்கம், காதில் சீழ், கால் விரல் இடுக்கில் புண் என்று வருகிறவர்களில் பலருக்கு, நோய் உட்கார்ந்திருக்கும் இடம் ஒரு நகைக்கு அடியில்தான். மருந்து கொடுத்து அனுப்புவேன். அழுக்கு நகை அதே இடத்தில் இருக்கும். பத்து நாளில், "டிரஸர் ஐயா, மறுபடியும் வந்திருச்சு" என்று அதே ஆள் வந்து நிற்பார். அதனால்தான் இந்த மாதம் நகையைப் பற்றியே எழுதுவது என்று தீர்மானித்தேன்.

இதில் பணமும் அடங்கியிருக்கிறது. பணக்காரர் வீட்டில் நகை அலங்காரம். நம் வீட்டில் அது சேமிப்பு. 2025 பிப்ரவரி முதல் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு பவுன் என்பது 8 கிராம். இன்றைய விலைக்கு ஒரு பவுன் அந்த மாதச் சம்பளத்தைத் தாண்டி நிற்கிறது. பிள்ளையின் மேல்படிப்புக்கோ திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அடகுக் கடைக்குப் போனால், அங்கே தராசு எடையைத்தான் பார்க்கும். பளபளப்பை யாரும் நிறுக்கமாட்டார்கள். தப்பான முறையில் துலக்கினால் அந்த எடைதான் குறையும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் தங்கம் ஏன் மங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுத்தமான தங்கம் காற்றில் துருப்பிடிக்காது, தண்ணீரில் கறுக்காது. ஆனால் அது மிகவும் மெத்தென்ற உலோகம். அதனால் நகை செய்யும்போது செம்பும் வெள்ளியும் கலப்பார்கள். நம் நாட்டு நகைக் கடைகளில் 916 என்று முத்திரை போட்டு விற்பது 22 காரட். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி போன்றவை. அந்த மிச்சப் பங்கு வேர்வை பட்டுக் கொஞ்சம் கறுக்கும். ஆனால் நாம் பார்க்கும் மங்கலில் பெரும்பகுதி உலோகம் கெட்டதால் வருவதல்ல. தேங்காய் எண்ணெய், மஞ்சள், பவுடர், வேர்வை உப்பு, சோப்பு நுரை காய்ந்த படிவு, இறந்த தோல் இவையெல்லாம் சங்கிலியின் கண்ணிகளுக்குள் களிம்பு மாதிரி ஏறி இருக்கும். கொழுந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இலைச்சாற்றின் கறுப்புக் கறையும் சேரும். இதெல்லாம் மேலே ஒட்டிய அழுக்கு. ஒட்டியதைக் கழுவினால் போதும், சுரண்ட வேண்டியதில்லை.

"தங்கம் கழுத்தில் கறுப்புக் கோடு போட்டால் உடம்பில் ஏதோ வியாதி" என்று ஒரு பேச்சு இருக்கிறது. சிலர் பத்தரைச் சந்தேகப்படுவார்கள். கழுத்துக்குப் போடும் பவுடரிலும் கிரீமிலும் துத்தநாகச் சுண்ணம் போன்ற கடினமான பொடிகள் இருக்கும். அவை தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு உராய்ந்து, அந்தத் துகள்தான் தோலில் கறுப்பாகத் தெரிகிறது. செம்பு கூடுதலாகக் கலந்த நகையில் பச்சை நிறமும் வரும். இரண்டும் சோப்புப் போட்டால் போய்விடும், நோயும் இல்லை. பவுடர் போட்டு உதறிய பிறகு நகையை மாட்டினால் கோடு விழாது.

இனி கழுவும் முறை. ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கை பொறுக்கிற சூடு போதும். நம் மலையில் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி வரும், அதில் எண்ணெய்ப் பசை கரையாது. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு நாலைந்து சொட்டு விட்டுக் கலக்கி, கல் இல்லாத தங்க நகையை அதில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு மெத்தென்ற பல் பிரஷ்ஷால், குழந்தைகளுக்கு விற்பது மிகவும் நல்லது, கண்ணி கண்ணியாக மெதுவாகத் தேய்க்க வேண்டும். கொக்கி, திருகாணி, தாலியின் பின்பக்கம் இந்த மூன்று இடத்தில்தான் அழுக்கு அதிகம். அதன்பின் வேறு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் வைத்து இரண்டு தடவை அலசுங்கள். குழாய்க்கு நேரே பிடித்து அலசாதீர்கள். அப்படிச் செய்துதான் தோட்டுத் திருகாணியைச் சாக்கடையில் தேடுகிறோம். கிண்ணத்துத் தண்ணீரையும் தேயிலை வடிகட்டியில் ஊற்றிப் பார்த்த பிறகே கொட்டுங்கள்.

நம் பாட்டிமார் பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் நகை கழுவினார்கள். ஊர்ப் பத்தர்களும் அதைத்தான் செய்தார்கள். அது மூடப் பழக்கம் இல்லை. அந்தக் கொட்டையின் தோலில் சோப்பு மாதிரி நுரைக்கும் பொருள் இருக்கிறது, எண்ணெயைப் பிரித்துவிடும், தங்கத்தை உராயாது. கிடைத்தால் இன்றும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கண்ணில் மட்டும் படக்கூடாது, எரியும்.

பற்பசையை ஒதுக்குங்கள். பல்லைத் தேய்ப்பதற்காக அதில் நுண்ணிய சுண்ணாம்போ மணல் போன்ற பொடியோ கலந்திருக்கிறது. தங்கம் பல்லைவிட மெத்தென்றது. தேய்த்தவுடன் பளிச்சென்று தெரியும், பிறகு பார்த்தால் நுண்கீறல் விழுந்து முன்னைவிடச் சீக்கிரம் மங்கும். சலவைத் தூளும் சாம்பலும் அப்படியே.

கழுவியதில் பாதி வேலைதான் முடிந்தது. மிச்சப் பாதி உலர்த்துவது. கேமரன் மலையில் இது லேசான காரியமில்லை. பனியும் தூறலுமாக நாள் கணக்கில் துணியே காயாத ஊரில், சங்கிலிக் கண்ணிக்குள் இருக்கும் தண்ணீர் தானாகக் காயும் என்று எதிர்பார்க்க முடியாது. பழைய பருத்தித் துணியில் வைத்து ஒற்றி எடுத்து, இன்னொரு காய்ந்த துணியில் விரித்து, அடுப்பங்கரைப் பக்கம் ஒரு மணி நேரம் வையுங்கள். அடுப்பின் மேலே வேண்டாம். ஈரத்தோடு கழுத்தில் போட்டால் படை, டப்பாவில் வைத்தால் நாற்றம்.

படை என்று சொன்னேன். நம் தாய்மார்கள் கழுத்தில் அதிகம் பார்ப்பது அதைத்தான். தாலியைக் கழற்றுவதில்லை என்பது நம் வழக்கம். அதில் நான் தலையிடப் போவதில்லை. கழற்றாமலே சுத்தம் செய்ய வழி இருக்கிறது. குளிக்கும்போது தாலிக் கொடியைத் தோளுக்கு முன்னால் இழுத்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் சோப்பு நுரை வைத்து உருவிக் கழுவுங்கள். கொடி கிடந்த இடத்துத் தோலையும் தேய்த்துக் கழுவி, சோப்பு மிச்சம் இல்லாமல் அலசுங்கள். குளித்து முடித்ததும் கொடியைத் தூக்கிப் பிடித்து அதற்கு அடியில் கழுத்தைத் துடையுங்கள். இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை. மேல் சட்டை, அதற்குமேல் ஸ்வெட்டர், அதற்குமேல் மழைக் கோட்டு என்று மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறோம். உள்ளே வேர்வையும் ஈரமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடைபட்டுக் கிடக்கும். படையும் தேமலும் வளர்வதற்கு அது போதும்.

மஞ்சள் கயிற்றில் தாலி போட்டிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நூல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மஞ்சள் பூசுவதால் கிருமி ஒன்றும் அண்டாது என்று நம்பி, கறுத்துப் பிசுபிசுத்துப் போன கயிற்றை வருஷக் கணக்கில் போட்டிருப்பவர்கள் உண்டு. மஞ்சளுக்கு நல்ல குணம் இருக்கிறது, ஆனால் அழுக்கேறிய ஈரக் கயிற்றை அது சுத்தமாக்காது. ஆடிப் பதினெட்டுக்குக் கயிறு மாற்றும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மழைநாட்டில் இருக்கும் நாம் அந்த ஒரு நாளுக்காகக் காத்திராமல், நூல் கறுத்தால், இழை பிரிந்தால், நாற்றமடித்தால் ஒரு நல்ல நாள் பார்த்து மாற்றிவிடுவது நல்லது.

தாலிக் கொடியில் ஊக்கு கோத்து வைத்திருப்பதும் பலருடைய பழக்கம். அவசரத்துக்கு உதவும் என்பார்கள். துருப்பிடித்த ஊக்கு திறந்து நெஞ்சில் கீறியதற்கு ஏற்புத் தடுப்பூசி போட வேண்டி வரும். பால் குடிக்கும் பிள்ளையின் கண்ணுக்கு நேரே அது தொங்குகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஊக்குகளைத் தையல் டப்பாவில் வையுங்கள்.

படை வந்துவிட்டால் கடையில் யாரோ சொன்ன களிம்பை வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை ஒரு வாரம் அடக்கும், உள்ளே படை பரவும். பூஞ்சைக்கான மருந்தை டிஸ்பென்சரியில் சொன்ன நாள் வரை போட வேண்டும், அரிப்பு நின்றதும் நிறுத்தக் கூடாது.

கழுத்திலிருந்து கைக்கு வருவோம். மருந்து அடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள், ஆணோ பெண்ணோ, மோதிரத்தையும் வளையலையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். கையுறைக்குள் ஒரு சொட்டு மருந்து இறங்கினாலும் மோதிரத்துக்கு அடியில் போய்த் தங்கும். கையைக் கழுவினாலும் அந்த இடம் கழுவப்படாது. அங்கேயே இருந்து தோலை அரிக்கும், தோல் வழியாக உள்ளேயும் போகும். பேராகுவாட் என்ற களைக்கொல்லியை நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். அதனால் மற்ற மருந்தெல்லாம் தண்ணீர் என்று ஆகிவிடாது. தொழிற்சாலையில் ரோலர், கன்வேயர் பக்கம் நிற்கிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான். அங்கே பயம் மருந்தினால் அல்ல. சங்கிலியோ வளையலோ மிஷினில் மாட்டினால் கையும் சேர்ந்து போகும்.

விரல் வீங்கி மோதிரம் கழலாமல் வருகிறவர்கள் நிறைய. பூச்சிக் கடி, அடி, கர்ப்பகால வீக்கம், சும்மா உடம்பு பெருத்ததுகூடக் காரணமாக இருக்கும். பயந்துபோய் முறுக்கி இழுத்தால் வீக்கம் கூடும். கையைத் தலைக்கு மேலே பத்து நிமிஷம் தூக்கி வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. பிறகு எண்ணெயோ சோப்போ தடவி, திருகினாற்போல் மெதுவாக நகர்த்துங்கள். அதற்கும் வராவிட்டால் ஒரு நூல் வைத்தியம் இருக்கிறது. வழுவழுப்பான தையல் நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நூலை, மோதிரத்தை ஒட்டி ஆரம்பித்து, விரல் மொளி தாண்டும் வரை இடைவெளி இல்லாமல் நெருக்கமாகச் சுற்றுங்கள். வீக்கம் நூலுக்கு அடியில் அமுங்கும். இப்போது உள்ளங்கைப் பக்கம் இருக்கும் நுனியைப் பிடித்து விரல் நுனியை நோக்கிப் பிரித்துக்கொண்டே வந்தால், பிரிகிற நூல் மோதிரத்தைத் தள்ளிக்கொண்டே வரும். விரல் நீலமாகவோ வெளுத்தோ இருந்தால், உணர்ச்சி இல்லாவிட்டால், எலும்பு முறிந்த சந்தேகம் இருந்தால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்கோ போம்பா நிலையத்துக்கோ போங்கள். தீயணைப்பது மட்டும் போம்பாவின் வேலை இல்லை, மோதிரம் வெட்டும் கருவியும் அவர்களிடம் இருக்கிறது. வெட்டிய மோதிரத்தைப் பத்தர் ஒட்டிவிடுவார், விரலை ஒட்ட முடியாது.

கால் மெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரப்பர் பூட்ஸுக்குள் நாள் முழுக்க நனைந்த காலில் மெட்டி இருந்தால், விரல் இடுக்கு வெளுத்து ஊறிப்போய்ச் சேற்றுப்புண் வரும். வேலை நாளில் மெட்டியைக் கழற்றி வைக்க மனம் வராதவர்கள், வீடு திரும்பியதும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி மெட்டியை மேலே தள்ளிவிட்டு அடியில் துடைக்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நான் கண்டிப்பாகவே சொல்வேன். மெட்டி வேண்டாம். இனிப்பு நீர் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். மெட்டி அழுத்திப் புண்ணாகி, புண் சீழ் வைத்து, அதுவரைக்கும் வலியே தெரியாமல் இருக்கும். விரலை எடுக்கும் நிலைமைக்கு அப்படித்தான் வந்து சேர்கிறார்கள்.

கவரிங் நகைக்கு வேறு கணக்கு. சிதம்பரம் கவரிங் என்று ஊரிலிருந்து வாங்கி வருகிறோம், ராத்திரிச் சந்தையிலும் வாங்குகிறோம். திருட்டுப் பயம் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. ஆனால் மேலே இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அதைச் சோப்பில் ஊறப்போட்டாலோ புளி போட்டுத் துலக்கினாலோ பூச்சு போய் உள்ளே இருக்கும் உலோகம் தோலில் படும். விலை குறைந்த நகைகளில் அந்த உலோகத்தோடு நிக்கல் சேர்ந்திருப்பது உண்டு. வேர்வையில் நிக்கல் கசிந்து சிலருக்குக் காது மடல், கழுத்து, மணிக்கட்டில் சிவந்து, தடித்து, நீர் கோத்து அரிக்கும். இதை அம்மை என்றும் சூடு என்றும் நினைத்து வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள். கம்மல் இருந்த வட்டத்திலேயே அரிப்பும் இருந்தால் கம்மலைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒருமுறை இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் அநேகமாக ஆயுள் முழுக்க இருக்கும். ஐரோப்பாவில் இது பெரிய தொல்லையாகி, தோலில் படும் நகையிலிருந்து இவ்வளவுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று 1994-இல் சட்டமே போட்டார்கள்.

ஆகவே கவரிங்கைத் தண்ணீரில் போடாதீர்கள். கழற்றியதும் காய்ந்த துணியால் துடைத்து வைத்தால் போதும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் போடாதீர்கள். புதிதாகக் காது குத்திய பிள்ளைக்கு முதல் கம்மல் கவரிங்காக இருக்கவே கூடாது. பச்சைப் புண்ணில் நிக்கல் பட்டால் ஒவ்வாமை வருவதற்கு வழி பண்ணிக் கொடுத்த மாதிரி. சிறிய தங்கக் கம்மலே போடுங்கள். ஆறும் வரை கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் காலையும் மாலையும் துடையுங்கள். கம்மலைத் திருகித் திருகிப் பார்க்காதீர்கள்.

வெள்ளிக் கொலுசு கறுப்பது அழுக்கினால் அல்ல, கந்தகத்தினால். காற்றில், முட்டையில், ரப்பரில், கம்பளியில் கந்தகம் இருக்கிறது. அது வெள்ளியோடு சேர்ந்து கறுப்புப் படலம் ஆகிறது. கொலுசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால் ரப்பர் பட்ட இடம் மட்டும் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. பீங்கான் கிண்ணத்தின் அடியில் சமையல் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அந்தத் தாளைத் தொடும்படி வைத்து, ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா தூவி, கொதித்த தண்ணீரை ஊற்றுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும். அழுகின முட்டை வாசம் லேசாக வரும், பயப்பட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். சில நிமிஷத்தில் வெளுத்துவிடும். திருநீறு போட்டுத் தேய்ப்பது அவ்வளவு கெடுதல் இல்லை என்றாலும், கறுப்பைத் தேய்த்து எடுக்கும்போது வெள்ளியும் கூடவே கொஞ்சம் போகும். இந்த முறையில் வெள்ளி அப்படியே நிற்கும். கல் பதித்த வெள்ளிக்கு இது ஆகாது.

கல் நகையை எதிலும் ஊறவைக்காதீர்கள். நம் பழைய கல் தோடு, அட்டிகை போன்றவற்றில் கல்லுக்குப் பின்னால் மூடி இருக்கும், உள்ளே பளபளப்புக்குத் தகடோ, பிடிப்புக்கு அரக்கோ வைத்திருப்பார்கள். தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்து, கல் செத்த மாதிரி ஆகிவிடும். ஈரத் துணியால் ஒற்றித் துடைப்பதோடு நிறுத்துங்கள். முத்தும் பவழமும் சுண்ணாம்புச் சரக்கு. எலுமிச்சை, வினிகர் பட்டால் கரையும்.

இப்போது மேலே தள்ளி வைத்த விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

குளோராக்ஸ் போன்ற வெளுக்கும் திரவத்தில் இருக்கும் குளோரின், நகையில் கலந்த செம்பையும் வெள்ளியையும் அரிக்கிறது. ஒட்டுப் போட்ட இடமும், கல்லைப் பிடித்திருக்கும் நகமும் பலவீனமாகும். ஒருநாள் கல் காணாமல் போகும், அல்லது சங்கிலி அறும். கெட்டிக்காரத்தனமாக அதோடு எலுமிச்சையோ வினிகரோ கக்கூஸ் ஆசிடோ கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். குளிருக்காக ஜன்னலை அடைத்து வைத்திருக்கும் நம் குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. கண் எரிந்து இருமல் வந்தால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வாருங்கள்.

பாதரசம் தங்கத்துக்கு எதிரி. பட்டவுடன் தங்கத்தோடு சேர்ந்து வெள்ளையாகிவிடும், நகை நொறுங்கும். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் சில வீட்டு அலமாரியில் இன்னும் கிடக்கும். அது உடைந்தால் மோதிரம் போட்ட கையால் பொறுக்காதீர்கள், மோதிரம் இல்லாத வெறும் கையாலும் வேண்டாம். இன்னொரு வழியாகவும் பாதரசம் வீட்டுக்கு வருகிறது. முகம் வெளுக்கும் கிரீம். பாதரசம் கலந்த கிரீம்களைப் பற்றி நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டிருக்கிறது. கிரீம் போட ஆரம்பித்த பிறகு சங்கிலியோ மோதிரமோ நிறம் மாறினால், அல்லது தங்கம், வெள்ளி மேல் படக்கூடாது என்று டப்பாவில் எழுதியிருந்தால், உடனே அதை நிறுத்துங்கள். நகையைக் கெடுக்கும் பாதரசம் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெள்ளையான நகையை அடுப்பில் காட்டிச் சரிபண்ணலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் புகை விஷம்.

அடுத்து, வீடு தேடி வரும் "பாலிஷ்" ஆசாமிகள். தமிழ்நாட்டில் இந்த மோசடி வெகுகாலமாக நடக்கிறது. முதலில் குத்துவிளக்கைத் துலக்கிக் காட்டுவான். பிறகு தாலிச் சங்கிலியைக் கேட்பான். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கலந்த மாதிரி ஏதோ திரவத்தில் போட்டு எடுத்துக் கொடுத்தால் புதுச் சங்கிலி மாதிரி மின்னும். அந்தத் திரவம் ராஜ திராவகம். நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் சேர்ந்தது. தனித்தனியாக இந்த அமிலங்களுக்குத் தங்கம் அசையாது, இரண்டும் சேர்ந்தால் கரைந்துவிடும். மின்னுவது ஏன் என்றால் மேல்தோல் முழுக்கக் கரைந்து போயிருக்கிறது. கரைந்த தங்கம் கிண்ணத்துத் தண்ணீரில் இருக்கிறது, அதை அவன் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்துக்கொள்வான். வீட்டுக்கு வருகிறவனிடம் நகையைக் கொடுக்காதீர்கள். நிரந்தரக் கடை வைத்திருக்கும் பத்தரிடம் கொடுத்தாலும், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்கள் கண்முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள். அழுக்குப் போவதால் இம்மியளவு குறையலாம். அதற்குமேல் குறைந்தால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எல்லாவற்றிலும் கொடியது சயனைடு. தங்க முலாம் போடவும் நகைக்கு மெருகேற்றவும் பட்டறைகளில் சயனைடு உப்பைப் பயன்படுத்துவது உண்டு. பட்டறையில் இருக்கும் வரை அது அவர்கள் பொறுப்பு. "கொஞ்சம் மருந்துத் தண்ணி குடுங்க, வீட்லயே கழுவிக்கிறேன்" என்று தெரிந்தவரிடம் கேட்டு மினரல் தண்ணீர்ப் போத்தலில் வாங்கி வருவதுதான் வினை. லாவோஸ் மலைநாட்டுப் பக்கமிருந்து அமெரிக்காவில் குடியேறிய மோங் இன மக்களிடையே, சயனைடு கலந்த நகை துலக்கும் திரவத்தைக் குடித்து விஷமேறியவர்களைப் பற்றி 2012-இல் அங்குள்ள மருத்துவர்கள் ஒரு மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். அவர்களும் நம்மைப் போல நகையைச் சேமிப்பாக வைத்திருக்கும் மலைநாட்டு ஜனங்கள். பார்ப்பதற்குத் தண்ணீர். ஒரு பிள்ளைக்கு ஒரு வாய் போதும். பாதாம் வாசம் அடிக்கும் என்பார்கள், ஆனால் அந்த வாசத்தைப் பலருடைய மூக்கு அறியாது. மனம் நொந்த நேரத்தில் பெரியவர்கள் கையில் அகப்பட்டாலும் அதே கதிதான்.

அப்படி எதையாவது யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர், முட்டை ஒன்றும் கொடுக்காதீர்கள். அமிலமாக இருந்தால் வாந்தியில் தொண்டை இரண்டாம் தடவை வேகும். சயனைடாக இருக்கலாம் என்றால் வாயோடு வாய் வைத்து ஊதக்கூடாது, ஊதுகிறவருக்கும் விஷம் ஏறும். 999-க்கு அடியுங்கள், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய விஷ மையம் இருக்கிறது, டாக்டர்கள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். போத்தல் இருந்தால் அரைமணி நேரம் மிச்சம். தோலிலோ கண்ணிலோ அமிலம் பட்டால், பட்ட துணியைக் கழற்றிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 20 நிமிஷம் கழுவிய பிறகுதான் வண்டி ஏற வேண்டும். மோதிரம், வளையலைக் கழுவும்போதே கழற்றிவிடுங்கள்.

சிறு பிள்ளைகள் விஷயம் சுருக்கமாக. அறுந்து போகும் மணி, சின்னக் கொக்கி, தளர்ந்த திருகாணி உள்ள எதையும் மூன்று வயது வரைக்கும் போடாதீர்கள், வாய்க்குத்தான் போகும். கழுத்தில் கயிறோ சங்கிலியோ போட்டுத் தூங்கவிடாதீர்கள். பெரியவர்களுக்கும் மூக்குத்தித் திருகாணியில் ஓர் ஆபத்து உண்டு. தூக்கத்தில் கழன்று மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டதாக இந்திய மருத்துவ ஏடுகளில் பல முறை எழுதியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். காலையில் திருகாணியைக் காணோம், காரணமில்லாமல் இருமல் நிற்கவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பத்திரப்படுத்துவது: ஒவ்வொரு நகையும் தனித்தனிப் பருத்தித் துணியில், மூடி இறுகிய டப்பாவில். வெள்ளியும் தங்கமும் ஒன்றாக வேண்டாம். டப்பாவுக்குள் நாப்தலின் உருண்டை போடாதீர்கள். மருந்து வந்தால் கூடவே ஒரு சின்னப் பொட்டலம் வரும், ஈரம் உறிஞ்சுவதற்கு. அதை எறியாமல் டப்பாவில் போட்டால் நம் ஊர்ப் பனிக்கு நல்லது, பிள்ளைகள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதையும் எடை எழுதிய சீட்டையும் நகையோடு வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள், கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயில் திருவிழா மாதிரிக் கூட்டத்துக்குக் கிளம்பும் முன், சங்கிலிக் கொக்கியையும் தாலி முடிச்சையும் இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். கொக்கி தேய்ந்திருந்தால் ஈப்போவுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம், அதுவரைக்கும் அந்தச் சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும்.